சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வானொலி நிகழ்ச்சி: மணி அடித்தவரில் தொடங்குங்கள்

எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகையில் கல்லூரி என்று இருந்தாலும் வாயில் வருவது பள்ளிக்கூடம்தான், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களின் கதைக்குக் குறைவில்லை. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி வந்தது, வண்ணார்பண்ணையில் 1848இல் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்றெல்லாம் எழுதி வைக்க அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், நூற்றாண்டு மலர் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒழுங்கைக்குள் இருக்கிற, இருநூறு முந்நூறு பிள்ளைகள் மட்டும் படிக்கிற, பக்கத்து ஊர்க்காரனுக்குக்கூடப் பெயர் தெரியாத பள்ளிக்கூடத்தைப் பற்றி. அதன் கதை அங்கே படித்தவர்கள், படிப்பித்தவர்கள், கேற் திறந்தவர்கள் வாயில்தான் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. அவர்களின் குரலைப் பதிந்து மாதம் ஒரு அரை மணி நேர நிகழ்ச்சியாக எப்படிச் செய்யலாம் என்பதை, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எங்கே ஒலிபரப்புவது என்று முடிவெடுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று சின்ன எப்.எம். கருவி ஒன்றை வாங்கிக் கூரையில் அன்ரனா கட்ட நினைக்கவே வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அலைவரிசை பாவிப்பது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி உரிமம் கொடுக்கிறார்கள், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004இல் அண்ணா எப்.எம். அப்படித்தான் வந்தது. இங்கே 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியும் 1989இல் வந்த கொத்மலை வானொலியும் அரச நிறுவனமான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழேதான் நடந்தன. ஆனால் அவர்கள் வேலை செய்த முறையை நாங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மகாவலிக்காரர் ஊருக்குள்ளேயே போய்த் தங்கி ஊராரைக் கதைக்க விட்டுப் பதிந்தார்கள். கொத்மலையில் 1990களின் கடைசியில் நேயர்கள் கேள்வி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொன்னார்கள். ஊராரே கதைப்பது, கேட்பவரின் கேள்விக்கு அடுத்த முறை பதில் வருவது, இந்த இரண்டும் உங்கள் நிகழ்ச்சியில் இருந்தால் போதும்.

உரிமம் இல்லாத எங்களுக்கு மூன்று வழி உண்டு. ஏற்கெனவே இருக்கிற வானொலி ஒன்றிடம் அரை மணி நேரம் கேட்கலாம், இணையத்தில் போடலாம், அல்லது பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்குப் போடலாம். வானொலியிடம் போவதென்றால் யோசனையோடு போகாதீர்கள், முடித்த மூன்று நிகழ்ச்சிகளோடு போங்கள், போட்டுக் காட்டுங்கள். எங்களுக்கு ஒரு நிலையத்தில் நேரம் கிடைத்தது, இரண்டாவது நிகழ்ச்சிக்குப் பிறகு சொல்லாமலேயே நேரத்தை மாற்றிவிட்டார்கள், ஊர் முழுக்க அன்று றேடியோவுக்கு முன்னால் இருந்துவிட்டு எங்களைத்தான் ஏசியது. நாள், நேரம், எத்தனை வாரம் என்பதைக் கடிதத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால் முதலில் வட்ஸ்அப்பில் தொடங்குங்கள். பழைய மாணவர் குழு எப்படியும் இருக்கும். அரை மணி நேரத்தை 64 கிலோபிட் மோனோ எம்.பி.3 ஆக்கினால் ஏறத்தாழ 14 எம்.பி. தான் வரும், பேச்சுக்கு அது தாராளம், டேற்றா குறைவாகப் போடுகிற ஆட்களும் இறக்கிக் கேட்பார்கள்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் கூடாது. அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள், அரச பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கும் தெரியப்படுத்த வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். படிக்கிற பிள்ளையின் குரலைப் போடுவதென்றால் தாய் தகப்பனின் கையெழுத்து வேண்டும். பெரியவர்களிடம் பதிவு தொடங்கும்போதே, “இது வெளியில போகும், சம்மதமோ?” என்று கேட்டு அந்தப் பதிலையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

சரி, யாரை முதலில் கூப்பிடுவது? எல்லோரும் சொல்வார்கள் அதிபர் என்று, இல்லாவிட்டால் டொக்டர், எஞ்சினியர் ஆன பழைய மாணவர் என்று. நான் வேண்டாம் என்பேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, மேடையில் கதைத்துப் பழகியவர்கள் என்பதால். முதல் நிகழ்ச்சியில் ஒருவர் “இந்நன்னாளிலே” என்று தொடங்கினார் என்றால் அதற்குப் பிறகு வருகிற அத்தனை பேரும் அதே குரலில்தான் தொடங்குவார்கள், காவலாளி உட்பட. எந்தக் குரலில் முதல் நிகழ்ச்சி போகிறதோ அதுதான் முழு நிகழ்ச்சிக்கும் தாளம்.

நாங்கள் மணி அடித்த அண்ணையில் தொடங்கினோம். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து மணி என்பது பூவரச மரத்தில் கம்பியில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. கதிரையில் இருத்தி மைக்கை நீட்டியபோது இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்தோம். முதலில் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், “இது என்ரை இல்லை, என்ரை இதைவிடப் பாரம்” என்றார், பிறகு பாடவேளை மணி, இடைவேளை மணி, வீட்டை விடுகிற மணி என்று ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். வீட்டை விடுகிற மணியில் மட்டும் கடைசி அடி கொஞ்சம் பிந்தி விழும். ஏன் என்று கேட்டால், “பிள்ளையள் புத்தகம் அடுக்க வேணுமெல்லோ” என்றார். அந்த வகுப்புகளில் பத்து வருடம் இருந்த எனக்கே அது தெரியாது. நிகழ்ச்சி போன இரவே கனடா ஸ்காபரோவில் இருந்து ஒருவர் அந்த மணியை மட்டும் தனியாக வெட்டி அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இருக்கிற வாய்ப்பு இதுதான். ஒரு பெரிய கல்லூரியில் மணி அடித்தவரை ஐயாயிரம் பேருக்குத் தெரியாது, இங்கே எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஒரே மணிக்கு எழும்பி ஓடியவர்கள். அதனால் உங்கள் பட்டியலில் சிற்றுண்டிச்சாலை அக்கா, ஆய்வுகூடத்தில் நின்றவர், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கச்சான் விற்ற ஆச்சி, காணி கொடுத்த குடும்பத்தில் மிஞ்சியிருக்கிற ஒருவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர் எல்லோரும் இருக்கட்டும். இடையில் நின்றவர்களைக் கட்டாயம் தேடுங்கள். பழைய மாணவர் சங்கத்துப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது, ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தை அவர்கள் நினைக்கிற மாதிரி வேறு யாரும் நினைப்பதில்லை.

இனிப் பதிவு. ஒரு நல்ல கைத்தொலைபேசி போதும், கொலர் மைக் ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. அமைப்புக்குள் போய் வேவ் கோப்பாகப் பதியச் சொல்லுங்கள், 44.1 கிலோஹேட்ஸ், 16 பிட், மோனோ. நிமிடத்துக்கு ஐந்து எம்.பி. போல எடுக்கும், ஒரு மணி நேரத்துக்கு 320 எம்.பி. வரை போகும், இடம் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும், அது எப்போதும் நல்ல கதை வருகிற இடத்தில்தான் வரும். வாயில் இருந்து மைக் ஒரு சாண் தூரம், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், அப்போது ‘ப’ வருகிற இடத்தில் காற்று அடிக்காது. ஒலிமட்டம் -12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும், சிரிக்கும்போது -6 வரை போகலாம், அதற்கு மேல் போய் வெடித்தால் பிறகு எந்த மென்பொருளாலும் திருத்த ஏலாது. மணி மாதிரிப் பெரிய சத்தத்துக்குப் பத்தடி தள்ளி நின்று மட்டத்தைக் குறைத்து எடுங்கள்.

இடம்தான் இங்கே பெரிய பிரச்சினை. பழைய வகுப்பறைகள் அரைச்சுவரும் ஓட்டுக்கூரையும், உள்ளே ஒன்றுமில்லாத மண்டபம் என்றால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். நூலகம் இருந்தால் அங்கே இருங்கள், புத்தகங்கள் எதிரொலியைக் குடித்துவிடும். வீட்டில் என்றால் கட்டில் மெத்தை உள்ள அறை, யன்னலுக்குத் தடித்த சீலை ஒன்று, மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் நிறுத்தி. சோளகம் வீசுகிற மாதங்களில் விறாந்தையில் பதியவே வேண்டாம், பனையோலைச் சத்தம் காதுக்கு இனிமை, மைக்குக்கு இரைச்சல். தகரக் கூரைக்குக் கீழே மழை நாளில் போகாதீர்கள். அந்தச் சுற்றுவட்டாரக் கோயில்களின் திருவிழா நாட்களை முதலே விசாரியுங்கள்; நல்லூர் இருபத்தைந்து நாள் என்று எல்லோருக்கும் தெரியும், ஊர்க்கோயில் பத்து நாள் என்பதைத்தான் மறந்துபோவோம். நாங்கள் எண்பத்தாறு வயது ரீச்சர் ஒருவரை மத்தியானம் இரண்டு மணிக்கு இருத்தி, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதால் எழும்பி வந்தோம். மறுபடி போவதற்கு இரண்டு கிழமை ஆனது, அதற்குள் அவருக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் பேசாமல் இருக்க முப்பது செக்கன் வெறும் சத்தத்தையும் எடுத்து வையுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

சத்தம் எல்லாமே எதிரி இல்லை. சிற்றுண்டிச்சாலை அக்கா மைக்கைக் கண்டதும் வெட்கப்பட்டு எழும்பிப் போய்விட்டார். பின்னால் போய் அவர் வடை தட்டுகிற இடத்தில் நின்றோம். கை வேலையில் இருக்க வாய் தானாகத் திறந்தது. கடன் கொப்பியில் யார் யார் பெயர் இருந்தது, காசில்லாத பிள்ளை எது என்று முகத்தைப் பார்த்து எப்படித் தெரியும், ஓ.எல். (பதினோராம் வகுப்பு) சோதனை நாளில் ஏன் இரண்டு வடை கூடப் போடுவார் என்று சொல்லிக்கொண்டே போனார். எண்ணெயில் வடை விழுகிற சத்தம் ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் கேட்கிறது. அதை நாங்கள் வெட்டவில்லை.

கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். “உங்கள் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பேச்சுப்போட்டிதான் வரும். “எந்த ஒழுங்கையால வந்தனீங்கள்?”, “மழைக்கு எந்த வகுப்பு ஒழுகும்?”, “சேர் பிரம்பை எங்கை வைச்சிருந்தவர்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நாங்கள் விடுகிற பெரிய பிழை, அவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போடுவது. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பெரும்பாலும் நான்கில் இன்னொரு கதை வரும். நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் “மின்சாரம் இல்லாத நேரம் றேடியோ எப்பிடிக் கேட்டனீங்கள்?” என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். 1990களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ பூட்டிச் செய்தி கேட்ட கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது. யார் சுற்றியது, யார் கேட்டது, கை நோகும்போது செய்தி எப்படித் தேய்ந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள், அதிலிருந்து ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதைக்குப் போக ஒரு நிமிடம் போதும்.

பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலிக் குரல்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, மைக் கண்டவுடன் எல்லோருக்கும் அந்தக் குரல் வந்துவிடும். அறிவிப்புச் செய்கிற பிள்ளை தெளிவாகப் பேசப் பழகட்டும், அது வேறு. ஆனால் ஆச்சி “வந்தனான்” என்றால் அது “வந்தேன்” ஆகக் கூடாது. அவர் எஸ்.எஸ்.சி. என்றால் அது இப்போதைய ஓ.எல். மாதிரி என்று அறிவிப்பாளர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

போவதற்கு முன் கொஞ்சம் வாசியுங்கள். அதிபர் சம்மதித்தால் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அதிபர்கள் எழுதிவைக்கிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும், பிள்ளைகளைச் சேர்த்ததைப் பதிகிற பழைய சேர்வு இடாப்பையும் பாருங்கள். இடம்பெயர்வில் தொலைந்துபோயிருந்தால் பழைய பரிசளிப்பு விழா மலர்கள் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள், 2005இல் இருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்து வருகிறார்கள். மிஷனோ சைவ வித்தியா விருத்திச் சங்கமோ நடத்திய பள்ளிக்கூடங்கள் 1960, 61இல் அரசின் கைக்குப் போனது தெரிந்திருந்தால், வயதான ஆசிரியர் “மனேச்சர்” என்று சொல்லும்போது அதற்கு முன் மிஷன் அல்லது சங்கத்தின் சார்பில் பள்ளிக்கூடத்தை நிர்வகித்தவரைச் சொல்கிறார் என்று விளங்கும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இங்கே எந்தப் பள்ளிக்கூடக் கதையும் கொஞ்சத் தூரம் போனால் போர்க்காலத்துக்குள் போகும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து எழும்பி நடந்தது, வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப்போன பள்ளிக்கூடங்கள் எத்தனையோ வருடம் வேறு ஊரில் கொட்டில் போட்டு நடந்தன. வகுப்புப் படம் ஒன்றை எடுத்து வைத்தால் இவர் இல்லை, இவரும் இல்லை என்று விரல் போகும். நீங்களாக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். அவர் திறந்தால் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், அழுதால் பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். இன்னொருவரின் பிள்ளைக்கு நடந்ததை அவர் பெயர் சொல்லிச் சொன்னால், அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் ஒலிபரப்பக் கூடாது. ஒரு அம்மா எல்லாம் சொல்லி முடித்து மறுநாள் போன் எடுத்து, மகனைப் பற்றிச் சொன்ன பகுதி வேண்டாம் என்றார். நிகழ்ச்சியில் பாதி அதுதான். எடுத்துவிட்டோம், அந்த மாதம் பதினாறு நிமிட நிகழ்ச்சிதான் போனது, ஒருவரும் ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்களைச் சேர்ப்பது சுலபம், ஆனால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ரொறன்ரோவில் ஞாயிறு காலை எட்டு மணி என்றால் இங்கே கோடையில் பின்னேரம் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை, அங்கே மணிக்கூடு மாறுவதை மறந்து நாங்கள் ஒரு தரம் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அழைப்பில் வருகிற குரலையே பதியாதீர்கள், தகரத்தில் அடித்த மாதிரி இருக்கும். கதைப்பது வட்ஸ்அப்பில் நடக்கட்டும், அவர் இன்னொரு போனில் தன் குரலை மட்டும் பதியட்டும், நீங்களும் அப்படியே. தொடக்கத்தில் இருவரும் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக் கைதட்டுங்கள், பிறகு இரண்டு பதிவையும் அந்தக் கைதட்டலில் பொருத்தினால் பக்கத்தில் இருந்து கதைத்த மாதிரி இருக்கும். அவர் பதிந்த கோப்பை வட்ஸ்அப்பில் ஆவணமாக (டொக்குமென்ற்) அனுப்பச் சொல்லுங்கள். அவர் கட்டடம் கட்டக் காசு தந்தவராக இருக்கலாம், அதற்கு நன்றி சொல்ல வேறு மேடை உண்டு. எங்கள் கேள்வி அவர் எந்த வாங்கில் இருந்தார் என்பதுதான்.

வெட்டி ஒட்ட ஓடாசிட்டி என்கிற மென்பொருள் இலவசம், பள்ளிக்கூடக் கணினியிலேயே ஓடும். ஒரு மணி நேரப் பதிவை வெட்ட எனக்கு நான்கு மணி நேரம் ஆகிறது, முதல் முறை எட்டு ஆனது. நிகழ்ச்சியை நேராகச் சத்தத்தோடு தொடங்குங்கள், வணக்கம் பிறகு சொல்லலாம். “ம்ம்” எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள், யோசிக்கிற மனிதர் யந்திரம் மாதிரி ஆகிவிடுவார். சினிமாப் பாட்டு வேண்டாம், 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, அதை விட்டாலும் பொருந்தாது. பிள்ளைகள் பாடுகிற கல்லூரிக் கீதம், ஊர் நாதஸ்வரக்காரர் சம்மதித்து வாசிக்கிற இரண்டு நிமிடம், இவை போதும். வெட்டாத மூலப் பதிவை ஆண்டு, மாதம், நாள், யார் என்று பெயரிட்டு இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.

வெளியில் விடுவதற்கு முதல் நாள், போனை எடுத்துக்கொண்டு பேசியவர் வீட்டுக்குப் போங்கள். அவர்தான் முதலில் கேட்க வேண்டும். மணி அடித்த அண்ணை தன் மணியைக் கேட்கும்போது கடைசி அடிக்கு விரலை மேசையில் தட்டினார், பிறகு பேரனைக் கூப்பிட்டு மறுபடி போடச் சொன்னார். தேத்தண்ணி வரும், இருங்கள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், “அப்ப தண்ணி அள்ளின அக்காவைக் கேட்டனீங்களோ, அவ இப்ப மானிப்பாயிலை மகளோட இருக்கிறா” என்று அடுத்த ஆளைச் சொல்லிவிடுவார். கொப்பி கொண்டு போங்கள்.